ரப்பர் தோட்டம் தாண்டி வைஃபை

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டார் பக்கம் வீட்டிலிருந்து தோட்டத்து ஷெட்டுக்கு வைஃபை கொண்டுபோக நினைப்பவர்கள், ரப்பர் இலை உதிர்த்து நிற்கும் ஜனவரி வாக்கில் பார்த்து ஆன்டெனாவின் இடத்தை முடிவு செய்துவிடாதீர்கள். அப்போது எதிர்க் கட்டடம் பளிச்சென்று தெரியும், சிக்னலும் அருமையாக வரும். புதுத்தளிர் மூடியதும் இழுபறிதான். மழையில் நனைந்த இலை இன்னும் மோசம்.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 100 மீட்டர் தூரத்துக்கு, இரண்டு ஆன்டெனாக்களையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றிலும் நடுவழியில் சுமார் ஒரு மீட்டர் வெட்டவெளி வேண்டும். பால் தரும் மரத்தில் கிளையை வெட்ட யாருக்கு மனசு வரும்? மொட்டைமாடியில் ஆன்டெனா பொருத்திய குழாயை உயர்த்துங்கள்.

இணைப்பு விட்டுவிட்டு வந்தால் பிரிட்ஜ் கருவியின் (இரண்டு இடங்களை வைஃபையால் இணைக்கும் ஆன்டெனா கருவி) செட்டிங்ஸில் சிக்னல் அளவைப் பாருங்கள். அது டிபிஎம் என்ற அலகில் இருக்கும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. மைனஸ் 60 டிபிஎம் என்றால் நல்லது. மைனஸ் 80 என்றால் காற்றில் ஆன்டெனா திரும்பியிருக்கும், அல்லது மரம் மறைக்கும். சிக்னல் இருந்தும் வேகம் இல்லையா? அதே செட்டிங்ஸில் சேனலை, அதாவது வைஃபை ஓடும் அலைத்தடத்தை, மாற்றிப் பாருங்கள். அப்புறம் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள்; குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு அதன் உலோகப் பின்களில் பச்சை பிடித்திருக்கும். கேபிள் கருவிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.