ஓடிடி சந்தா விலை ஏறினால் செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, அந்தப் படம் பாக்குற ஆப்ல ஒண்ணாம் தேதியிலேர்ந்து விலை ஏறுதாம். அதுக்குள்ள ஒரு வருஷத்துக்குப் போட்டா பழைய விலைன்னு மெயில் வந்துச்சு, போட்டுட்டேன்." குரலில் லாட்டரி அடித்த மாதிரி ஒரு சந்தோஷம். சரி, கடைசியாக அதில் என்ன படம் பார்த்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "போன லீவுல ஏதோ பாத்தேன் மாமா" என்றான்.

அந்த மௌனத்தை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அப்படி முழித்தவன்தான். வீட்டில் எந்தச் சந்தா இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று பார்ப்பது பல வருஷமாக என் பொறுப்பு. விலை ஏறுகிறது என்று மெயில் வந்தால் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னைத்தான் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு நான் செய்த அதே தவறுகளை, நான் செய்த அதே வரிசையில் செய்கிறார்கள். ஆட்டோ பேயை நிறுத்த மறப்பது, ஒரே சேவைக்கு வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒரு முறை சூடு பட்டால் தானாகத் திருந்திவிடும்.

ஏறிய தொகையை மட்டும் பார்ப்பது

விலையேற்ற மெயிலைக் கவனித்துப் பாருங்கள். மேலே வரப்போகும் புதுப் படங்கள், நடுவில் நன்றி, விலை எங்கேயோ கீழே. படித்து முடித்ததும் மனசு உடனே வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும்: இவ்வளவுதானே, போகட்டும்.

இந்த "இவ்வளவுதானே" எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 2011இல் நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில், தபாலில் டிவிடி அனுப்புவதையும் நெட்டில் பார்க்கும் ஸ்ட்ரீமிங்கையும் தனித்தனித் திட்டமாகப் பிரித்தது. இரண்டும் வேண்டும் என்றவர்களுக்கு விலை ஒரே அடியில் 60 சதவீதம் ஏறியது. ஜனங்கள் கொதித்துப்போய், அந்தக் காலாண்டிலேயே சந்தாதாரர் எண்ணிக்கை சுமார் 8 லட்சம் குறைந்தது. அதற்கப்புறம் அப்படி ஓங்கி அடிக்கவில்லை. ஒரு டாலர், அப்புறம் இன்னொரு டாலர், பிறகு இரண்டு. 7.99 டாலராக இருந்த ஸ்ட்ரீமிங், 2022 தொடக்கத்தில் ஸ்டாண்டர்ட் திட்டத்துக்கு 15.49 ஆகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் "இவ்வளவுதானே" என்றவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் வித்தியாசத்தை மறந்துவிடுங்கள். இன்றைக்கு என்னிடம் இந்தச் சந்தாவே இல்லை என்று வைத்துக்கொண்டால், புது விலையைப் பார்த்துப் புதிதாகச் சேருவேனா? இதற்கு ஆமாம் என்று சட்டென்று வராவிட்டால் மேலே படியுங்கள்.

விலை ஏறுவதற்குள் வருஷச் சந்தாவில் குதிப்பது

மற்ற தவறுகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எனக்கு வந்த மெயிலில் ஏற்றம் 20 சதவீதம். அதற்குக் கீழேயே ஒரு பொத்தான்: இப்போதே வருஷத் திட்டத்துக்கு மாறினால் பழைய விலை, அதுவும் 10 மாதக் காசுக்கு 12 மாதம். நான் உஷாரான ஆள் அல்லவா, பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். பழைய மாத விலையை 1 என்று வைத்துக்கொண்டால், புது விலையில் மாதா மாதம் கட்டினால் வருஷத்துக்கு 14.4. வருஷத் திட்டத்தில் 10. நாலு மாதக் காசுக்கு மேல் மிச்சம்! கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்னாடியே கட்டிவிட்டு, வீட்டில் வேறு பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

கூட்டல் பெருக்கலில் ஒரு பிழையும் கிடையாது. அதில் நான் போட்ட 12 தான் பிழை. வருஷத்தில் 12 மாதமும் நான் படம் பார்ப்பேன் என்று யார் சொன்னது?

அது தெரிய ஒரு வருஷம் ஆனது. புதுப்பிக்கும் தேதி வருகிறது என்று நினைவூட்டல் வந்த அன்று ராத்திரி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் 12 கட்டம் போட்டேன். கணக்குப் பக்கத்தில் "பார்த்தவை" என்று ஒரு பட்டியல் இருக்கும், தேதியோடு. முக்கால்வாசிப் பேர் அதை ஒரு நாளும் திறந்திருக்க மாட்டார்கள். அதைத் திறந்து, டிரெய்லரையும் இரண்டு நிமிஷம் ஓட்டிவிட்டு மூடியதையும் அடித்துவிட்டு, முழுசாகப் பார்த்த படங்களை மட்டும் அந்தந்த மாதக் கட்டத்தில் புள்ளி வைத்தேன். மொத்தம் 19 படம். பரவாயில்லையே என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். ஆனால் அந்த 19 புள்ளியும் ஐந்தே கட்டத்துக்குள் இருந்தன. மற்ற ஏழும் வெள்ளை. ஒரு படம் மூன்று வெவ்வேறு தேதியில் பட்டியலில் வந்திருந்தது, மூன்று முறையும் அரை மணி நேரத்துக்குள் நிறுத்தியிருக்கிறேன். அந்த நாயகன் ரயில் ஏறுகிற காட்சி எனக்கு மனப்பாடம். எங்கே இறங்கினான் என்று இன்று வரை தெரியாது.

இப்போது அந்தப் பழைய கணக்கைத் திரும்பப் போடுங்கள். பார்த்த ஐந்து மாதத்துக்கு மட்டும், ஏறிய விலையிலேயே கட்டியிருந்தால் 6. நான் கட்டியது 10. விலையேற்றத்திலிருந்து தப்பிக்கிறேன் என்று ஓடிப்போய் நாலு மாதக் காசைக் கூடுதலாகக் கொட்டியிருக்கிறேன். எட்டு மாதம் பார்த்திருந்தால்கூட 9.6 தான் ஆகியிருக்கும். ஒன்பதாவது மாதமும் பார்த்தால்தான், 10.8 என்று ஆகி, வருஷச் சந்தா ஜெயிக்கிறது. உங்கள் சேவையில் சதவீதமும் சலுகையும் வேறாக இருக்கும், எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் 12 கட்டம், அப்புறம்தான் கால்குலேட்டர்.

காசோடு போகவில்லை இது. வருஷத்துக்குப் பூட்டிக்கொண்டது நான் மட்டும்தான், அவர்கள் எதையும் பூட்டிக்கொள்ளவில்லை. சேவையில் இருக்கும் படங்களில் பலவும் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் வாங்கிப் போடப்படுபவை, காலம் முடிந்தால் சத்தமில்லாமல் காணாமல் போகும். எந்த இயக்குநரின் பழைய படங்களுக்காக நான் அந்த வருஷம் முழுக்கக் கட்டினேனோ, அவை நாலாவது மாதமே போய்விட்டன. மாதா மாதம் கட்டுகிறவன் அன்றைக்கே கழன்றுகொள்ளலாம், நான் மீதி எட்டு மாதம் வேடிக்கை பார்த்தேன். 2024 ஜனவரி கடைசியில் அமேசான் பிரைம் வீடியோ அமெரிக்காவில் விளம்பரத்தைக் கொண்டுவந்தபோதும் இதுதான் நடந்தது. ஏற்கெனவே வருஷத்துக்குக் கட்டி வைத்திருந்தவர்களுக்கும் விளம்பரம் ஓடியது, வேண்டாம் என்றால் மாதம் 2.99 டாலர் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. விலை ஏறவில்லை என்று ஒருவர் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

இப்போது என் வழக்கம் வேறு. பார்க்க வேண்டிய படத்தை, எந்தச் சேவையில் இருக்கிறது என்பதோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஒரே சேவைக்கு நேராக ஐந்து படம் சேர்ந்தால் அந்த மாதம் அதை எடுக்கிறேன். எடுத்த அன்றைக்கே ரத்தும் செய்துவிடுகிறேன். பெரும்பாலான சேவைகளில் ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும் வரை பார்க்கலாம், எந்தத் தேதி வரை என்று ரத்துத் திரையிலேயே போட்டிருக்கும், அதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். இலவச சோதனைக் காலத்தில் சில இடங்களில் உடனே கதவை மூடிவிடுவார்கள். இப்படி மாதம் ஒன்று என்று சுற்றி வந்தால், 20 சதவீத ஏற்றம்கூட எடுக்கும் அந்த மாதத்துக்கு மட்டும்தான்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, ஒரே கார்ட்டூன் படத்தை நாற்பது தடவை பார்க்கிறார்கள் என்றால் 12 கட்டமும் தானாக நிரம்பிவிடும். அங்கே வருஷச் சந்தாதான் லாபம், யோசிக்காமல் போடுங்கள். என் அக்கா மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இத்தனையும் சொன்ன பிறகு அவன் சொன்னது: "ஆனா மாமா, எப்ப வேணும்னாலும் பாக்கலாம்ல?" அதே வாக்கியத்தை, அதே தொனியில், நானும் என் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

பழைய விலை போய்விடுமே என்று பிடித்துக்கொண்டிருப்பது

"நான் பழைய வாடிக்கையாளர், எனக்கு இன்னும் பழைய விலைதான், விட்டால் திரும்பக் கிடைக்காது." இதைச் சொல்லிக்கொண்டே பார்க்காத சேவைக்குக் கட்டுகிறவர்கள் நிறைய. 2014இல் நெட்ஃபிளிக்ஸ் புதியவர்களுக்கு விலை ஏற்றியபோது பழையவர்களுக்கு இரண்டு வருஷம் பழைய விலையையே விட்டுவைத்தது. 2016இல் அவர்களுக்கும் ஏறியது. பழைய விலை என்பது தள்ளிப்போட்ட புது விலைதான், அதற்காக வெள்ளைக் கட்டங்களுக்குக் காசு கட்ட வேண்டாம்.

பெரிய திட்டத்தைக் கட்டிவிட்டுச் சின்னத் திரையில் பார்ப்பது

விலை ஏறும்போது பலர் சந்தாவையே வெட்டலாமா என்று யோசிக்கிறார்கள், திட்டத்தை ஒரு படி இறக்கலாமா என்று யோசிப்பதில்லை. நான் 14 மாதம், படம் மிகத் துல்லியமாக வரும் 4கே திட்டத்துக்குக் கட்டினேன். டிவி 4கே, குச்சி மாதிரி செருகும் அந்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் 4கே. நடுவில் சவுண்ட் சிஸ்டத்துக்காக ஒரு பழைய ரிசீவர் வழியாக ஒயரை விட்டிருந்தேன், அதில் எச்டிசிபி 2.2 என்கிற, படத்தைத் திருடிப் பதிவு செய்யாமல் தடுக்கும் பாதுகாப்பு வசதி கிடையாது. நடுவில் ஒரு கருவியில் அது இல்லாவிட்டாலும் 4கே வராது. ஒரு நாள் ரிமோட்டில் தகவல் பொத்தானை அழுத்தியபோது மூலையில் 1080 என்று காட்டியது, அதாவது 4கேவுக்குக் கீழான தரம். அந்த 14 மாதமும் "படம் என்ன துல்லியமா இருக்கு பார்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

போனில் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு பொறி. ஆண்ட்ராய்டு போனில் வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்பு வசதியின் நிலை எல்1 ஆக இல்லாமல், அதற்குக் கீழான எல்3 ஆக இருந்தால், எவ்வளவு பெரிய திட்டம் கட்டினாலும் பல சேவைகள் சாதாரணத் தரத்தில்தான் படத்தைத் தரும். சேவையின் ஆப்பிலேயே அமைப்புகளுக்குள் பார்த்தால் பெரும்பாலும் இது தெரியும். நெட் வேகத்தையும் பாருங்கள், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ்ஸாவது வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. மேல் திட்டத்தில் ஒரே நேரத்தில் நாலு திரை கிடைக்கிறதே என்பீர்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தது எப்போது?

விளம்பரத் திட்டத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவது

மலிவு என்பது சரிதான், நானும் ஒரு சேவையில் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் விளம்பரத்தைத் தவிர வேறு எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் மாறாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது தரம் 720பி தான், டவுன்லோட் கிடையாது, உரிமச் சிக்கலால் சில படங்களே இல்லை. மறு வருஷமே தரத்தை 1080பிக்கு ஏற்றினார்கள். பெயர் அதேதான், உள்ளே இருப்பது மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே மாறப்போகும் அன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு.

தொடங்கும்போது மணிக்குச் சராசரியாக 4 முதல் 5 நிமிஷம் விளம்பரம் என்றார்கள். தொடருக்கு அது தாங்கும். இரண்டு மணி நேரப் படத்தில், ஒருவர் வாயே திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சியில் சோப்பு விளம்பரம் வந்து விழுந்தால், எனக்கு அந்தப் படம் அங்கேயே செத்துவிடுகிறது.

"பிறகு பார்க்க" பட்டியலைச் சொத்தாக நினைப்பது

என் பட்டியலில் 63 படம். பார்த்தது 4.

கோபத்தில் ரத்து செய்துவிட்டுப் பக்கத்துச் சேவைக்குத் தாவுவது

அடுத்த விலையேற்ற மெயில் அங்கிருந்து வரும்.

வீட்டில் கேட்காமல் ரத்து செய்வது

ஒரு முறை செய்தேன். அம்மா ஒரு படத்தைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தார். படத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. "அதாண்டா, அந்தப் பொண்ணு கடிதத்த ஒளிச்சு வெப்பாளே" என்பதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் தேடினோம்.

ஆப்பை அழித்தால் சந்தா போய்விடும் என்று நம்புவது

போகாது. ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கே போய்த்தான் ரத்து செய்ய வேண்டும்.

ரத்துத் திரையில் வரும் தள்ளுபடிக்கு மயங்குவது

ரத்து என்று அழுத்தினால் சில சேவைகள் போகாதே என்று சலுகை நீட்டும். எனக்கு மூன்று மாதம் பாதி விலை என்று வந்தது. சரி என்று எடுத்துக்கொண்டேன். நாலாவது மாதம் நிறுத்த மறந்துவிட்டேன், ஐந்தாவது மாதமும்.