பீடோங்கில் பசியாறுவது எப்படி: படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலையை அண்டியுள்ள பீடோங் வட்டாரத்திற்குப் படிக்க வரும் தமிழ்நாட்டு, இலங்கை மாணவர்களில் பலர் செமிலிங்கிலுள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திற்காக வருகிறார்கள். ஊரில் தமிழ் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டதும் சாப்பாட்டைப் பற்றிய கவலையை அவர்கள் விட்டுவிடுவது வழக்கம். தஞ்சாவூரிலிருந்து வந்த நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கே தமிழ் இருப்பது உண்மைதான். ஆனால் இது ரப்பர்த் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளில், மலாய்ச் சொற்களோடு சேர்ந்து வளர்ந்த தமிழ். சாப்பாட்டுச் சொற்களில் பல நமக்குப் புதியவை. சில, நமக்குத் தெரிந்த சொல்லாகவே இருந்துகொண்டு வேறு பொருள் தருபவை. ஆகவே அரிசி மூட்டைக்கு முன்னால் சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கடைக்கார அக்கா கேட்டால், காலையில் சாப்பிட்டாயிற்றா என்று பொருள். "தண்ணி என்ன?" என்று அடுத்துக் கேட்பது குடிநீரைப் பற்றியதன்று, தேநீரா, கோப்பியா என்பதே கேள்வி. வெறும் தண்ணீர் வேண்டுமென்றால் 'ஆயர் கொசோங்' என்று கேளுங்கள். "அஞ்சு வெள்ளி" என்றால் ஐந்து ரிங்கிட். பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்ல 'பூங்குஸ்' என்ற ஒரு சொல் போதும்.

தேநீரில் கவனம் தேவை. 'தே' என்று மட்டும் சொன்னால், கண்ணாடிக் குவளையின் அடியில் இனிப்பான கெட்டிப்பாலை ஊற்றி, அதன்மேல் கடுஞ்சாயத்தை விட்டுக் கலக்கித் தருவார்கள். அதையே இரண்டு குவளைகளுக்கு இடையில் நுரைக்க நுரைக்க ஆற்றினால் 'தே தாரிக்'. 'தே ஓ' என்பது சர்க்கரை போட்ட, பாலில்லாத சாயம். சர்க்கரையும் வேண்டாமென்றால் 'தே ஓ கொசோங்'. 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்பைக் குறைத்துப் போடுவார்கள்; இதைப் பழக்கமாக்கிக்கொள்வது உடம்புக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இனிச் சைவம் சாப்பிடுபவர்களுக்கு. வந்த மூன்றாம் நாள் காலையில் ஓர் ஒட்டுக்கடையில், அதாவது தெருவோரக் கடையில், நாசி லெமாக் பொட்டலம் வாங்கினேன். வாழையிலையைப் பிரித்ததும் தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின் மணமும் ரம்பை இலையின் மணமும் எழுந்தன. மேலே கிடந்த பொரித்த நெத்திலியை ஒதுக்கிவிட்டு, வேர்க்கடலையையும் வெள்ளரித் துண்டுகளையும் சம்பல் என்னும் சிவந்த மிளகாய் விழுதோடு பிசைந்து பாதிச் சோற்றைச் சாப்பிட்ட பிறகுதான், அந்தச் சம்பலுக்குள்ளும் நெத்திலி கரைந்து கிடப்பதைப் பார்த்தேன். விற்றவர்மீது எந்தத் தவறும் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. நெத்திலி கண்ணில் படாத சம்பலிலும் பெரும்பாலும் பெலாச்சான் இருக்கும். அது இறால் வகையில் சின்னஞ்சிறியதை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது. கங்கோங் கீரை வதக்கலிலும் அதைச் சேர்ப்பார்கள். 'சாயூர்' என்ற மலாய்ச் சொல் காய்கறியைக் குறிக்குமே தவிரச் சைவத்தைக் குறிக்காது. ஆகையால் பொதுவாகச் "சைவம்" என்று சொல்லி நிறுத்தாமல், இக்கான், ஊடாங், பெலாச்சான், தெலூர், அதாவது மீன், இறால், அந்த விழுது, முட்டை ஆகியவற்றில் வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பரோட்டா போன்ற ரொட்டி சானாய் வாங்கும்போது, பருப்புக் குழம்பை மட்டும் தனிக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மீன் குழம்பையும் கலந்து ஊற்றிவிடுவது பல கடைகளில் வழக்கம். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: 'டாகிங்' என்று பொதுவாகச் சொன்னால் இங்கே மாட்டிறைச்சிதான். சீனர்கள் நடத்தும் சைவக் கடைகளை நம்பிப் போகலாம். அவர்களுடைய சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே கூட்டம் அதிகமாக இருக்கும்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலைநாள். வங்கி, அரசு அலுவலக வேலைகளை வியாழனுக்குள் முடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் மலாய்க்காரர் கடைகளும், மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம்களின் கடைகளும் சிறிது நேரம் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் அவை பெரும்பாலும் பகலில் திறப்பதில்லை. பிற்பகலில் கூடும் ரமலான் சந்தையில் வேண்டியதை வாங்கி, நோன்பிருப்பவர்கள் முன்னால் சாப்பிடாமல் அறைக்குக் கொண்டுபோவதே மரியாதை.

சமைத்துச் சாப்பிடுவது சிக்கனம். மின்கருவிகளை ஊரிலிருந்து சுமந்துவர வேண்டாம். இங்குள்ள சுவர்த் துளைகள் தட்டையான மூன்று முனைகளுக்கானவை. பொன்னி அரிசி தமிழர் மளிகைக் கடைகளில் கிடைத்தாலும், நெல் விளையும் கெடாவில் உள்ளூர் அரிசிக்குப் பழகிக்கொள்வதே நல்லது. அது குழைந்துவிடாமலிருக்கத் தண்ணீரைச் சற்றுக் குறைத்து வையுங்கள். தேங்காய் துருவ நேரமில்லாதவர்கள் பசாரில், அதாவது சந்தையில், 'சந்தான்' கேட்டால், அப்போதே துருவிப் பிழிந்த பாலைப் பையில் ஊற்றித் தருவார்கள். இந்த வெக்கையில் அது விரைவில் புளித்துவிடும் என்பதால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். எனக்கு மிகவும் கைகொடுத்தது தெம்பே என்னும் புளிக்கவைத்த சோயாக் கட்டி. அதை விரல் கனத்தில் சீவி, மஞ்சளும் உப்பும் புரட்டிக் கால்மணி நேரம் வைத்து, ஓரங்கள் மொறுமொறுப்பாகும்வரை பொரித்தெடுத்து, இறக்கப்போகும் புளிக்குழம்பில் போட்டால், அது குழம்பை உறிஞ்சிக்கொண்டு சோற்றுக்கு நல்ல துணையாகும்.

கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் கடையில் வாங்கும் பொருள்கள் அல்ல. இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, சூழ்ந்து நிற்கும் தோட்டங்களிலிருந்து வெளியேறித் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்தவர்கள், வாசலில் ஒரு கறிவேப்பிலை மரத்தையாவது வளர்க்கிறார்கள். "ஆண்ட்டி, கொஞ்சம் கறிவேப்பிலை கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள், கொத்தோடு சேர்த்து, நீங்கள் எந்த ஊர், அம்மா அப்பா என்ன செய்கிறார்கள் என்ற விசாரிப்பும் வரும். தோட்டத்து மாரியம்மன், முனியாண்டி கோயில் திருவிழாக்களின் அன்னதானத்திற்கு யாரும் தனியாக அழைக்க வேண்டியதில்லை. ஆனால் சாப்பிட்டவுடன் கிளம்பிவிடாமல் பந்தி பரிமாறவோ பாத்திரம் துலக்கவோ நில்லுங்கள். அடுத்த முறை உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதன்பின் ஏதாவது ஒரு மாலையில் பக்கத்து வீட்டிலிருந்து மங்கு என்னும் கிண்ணம் நிறையப் பாயசம் வரும். அந்த மங்கைக் கழுவி வெறுமனே திருப்பித் தராமல், நீங்கள் சமைத்ததில் சிறிதோ, எதுவுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையோ போட்டுக் கொடுங்கள்.