எரிகிற லைட்டுக்கு 'பல்ப் போச்சு' எச்சரிக்கை: பழைய காரில் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

டேஷ்போர்டில் பல்ப் எச்சரிக்கை எரிகிறது. இறங்கிப் போய்ப் பார்த்தால் எல்லா லைட்டும் எரிகிறது. பழைய ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய தொல்லை. சென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில் இது சீக்கிரமே தலைகாட்டும். உப்புக்காற்று பட்டால் பித்தளை, செம்பு முனைகளில் களிம்பு ஏற அதிக நாள் பிடிக்காது.

சில மெக்கானிக்குகள் ஸ்கேனரை மாட்டி அந்த எச்சரிக்கையையே அணைத்துத் தருவார்கள். தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணூர் விரைவு சாலையில் உங்களுக்குப் பின்னால் வருவது கன்டெய்னர் லாரி. பிரேக் லைட் நிஜமாகவே போகும் நாளில் அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

பல்ப் எரிகிறதா என்று கார் பார்ப்பதில்லை. அதன் வழியே எவ்வளவு கரன்ட் போகிறது என்றுதான் அளக்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. மெர்சிடிஸ் டபிள்யூ124, வால்வோ 240 போன்ற பழைய வண்டிகளில் இடது, வலது பல்புகளின் கரன்ட்டை ஒரு ரிலே ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கும். அதற்குப் பின் வந்த பல வண்டிகளில், லைட் அணைந்திருக்கும்போதே கன்ட்ரோல் யூனிட் நொடிக்கும் குறைவான சின்னத் துடிப்புகளை அனுப்பி, பல்புக்குள் இருக்கும் குளிர்ந்த இழையின் (ஃபிலமென்ட்) ரெசிஸ்டன்ஸைப் பார்க்கும். சாவியை ஆன் செய்ததும், எந்த லைட்டும் போடாமலே எச்சரிக்கை வந்தால் இந்த இரண்டாம் வகை என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை பிரேக் மிதித்த பிறகுதான் வருகிறது என்றால், லைட் எரியும்போது அளக்கிற வகை.

சிக்கலின் வேர் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. 21 வாட் பல்ப் 12 வோல்ட்டில் எரியும்போது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். அப்போது அதன் ரெசிஸ்டன்ஸ் 7 ஓம் பக்கம். குளிர்ந்திருக்கும்போது அதே இழை அரை ஓம் அளவுதான். எர்த் முனையில் (பல்பிலிருந்து கரன்ட் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) களிம்பால் 0.1 ஓம் கூடினால், எரியும் பல்பின் வெளிச்சத்தில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. குளிர்ந்த இழையை அளக்கும் யூனிட்டுக்கோ அது 20 சதவீதம் கூடுதல்.

வேலைக்குத் தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர் (ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும்), கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, 400 நம்பர் உப்புத்தாள், சின்னப் பித்தளை பிரஷ், 6 எம்எம் ரிங் லக், 1.5 சதுர எம்எம் ஒயர், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய்.

முதலில் பல்ப்

எந்தப் பக்கத்து லைட் என்று தெரிந்தால், இடது பல்பை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுங்கள். புகார் பல்போடு சேர்ந்து பக்கம் மாறினால் பல்ப் குற்றவாளி. மாறாமல் அதே இடத்தில் நின்றால் ஹோல்டர், ஒயர் அல்லது யூனிட். காசு செலவில்லாத இந்தச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை.

கழற்றிய பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டைப் பாருங்கள். ஹோல்டரின் ஸ்பிரிங் அழுத்தி அழுத்தி அது தட்டையாகியிருந்தால் தொடுதல் விட்டுவிட்டு வரும். கண்ணாடி கறுத்திருந்தாலும் மாற்றுங்கள். பிரேக்கும் பார்க் லைட்டும் ஒரே பல்பில் இருந்தால் அது இரட்டை இழையுள்ள 21/5 வாட். அதன் இரண்டு பின்களும் ஏற்ற இறக்கமாக இருக்கும்; ஒற்றை இழை 21 வாட்டில் நேர் எதிரே சமமாக இருக்கும். பின்னை ராவி மாற்றி நுழைத்த பல்புகளும் வண்டிகளில் இருக்கின்றன. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மேற்கொண்டு தேடுவதற்கு முன் அதைத் தூக்கிப் போடுங்கள். புதிதாக வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே கம்பெனி, ஒரே வாட், ஜோடியாக வாங்குங்கள். ஒப்பிடும் வகை ரிலே உள்ள பழைய மெர்சிடிஸில் ஒரு பக்கம் மட்டும் புது பல்ப் போட்டாலே எச்சரிக்கை வரக்கூடும்.

அடுத்து எர்த்: அதிக நேரம் இங்கேதான் செலவழிக்க வேண்டும்

மீட்டரின் ஓம் அளவை இங்கே நம்பாதீர்கள். மீட்டர் ஒயரின் ரெசிஸ்டன்ஸே 0.2, 0.3 ஓம் காட்டும். நாம் தேடும் குறையும் அதே அளவு. லைட்டை எரியவிட்டு வோல்ட் இழப்பை அளப்பதுதான் சரி.

மீட்டரை டிசி 2 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில், சிவப்பு முனை பல்ப் ஹோல்டரின் எர்த் தகட்டில். மீட்டர் ஒயர் டிக்கி வரை எட்டாவிட்டால் நீள ஒயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்ல நிலையில் இருக்கிறது. 0.2 தாண்டினால் சந்தேகம். அரை வோல்ட் காட்டினால் குறை கிடைத்துவிட்டது.

பிறகு பார்க் லைட்டையும் அந்தப் பக்கத்து இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டு அளந்து பாருங்கள். 21, 5, 21 என்று 47 வாட், ஏறக்குறைய 4 ஆம்பியர், பெரும்பாலான வண்டிகளில் ஒரே எர்த் ஒயர் வழியாகத் திரும்புகிறது. தனியாக 0.17 வோல்ட் காட்டிய அதே எர்த் இப்போது 0.4 காட்டும். 'ராத்திரியில் மட்டும்தான் வருகிறது' என்ற புகாருக்கு அடிக்கடி இதுவே விடை. பிரேக் மிதித்தால் பக்கத்து பார்க் லைட் மங்குவது, இண்டிகேட்டரோடு சேர்ந்து வேறு லைட் சிமிட்டுவது எல்லாம் எர்த் கெட்டதன் அடையாளம். கரன்ட் திரும்பிப் போக வழியில்லாமல் வேறொரு பல்பின் இழை வழியாக ஊருக்குப் போகிறது.

ஜெர்மன் வண்டிகளில் எர்த் ஒயர் பழுப்பு நிறம். மாருதி, ஹூண்டாயில் பெரும்பாலும் கறுப்பு. டெயில் லைட் கப்ளரை (ஒயர்கள் வந்து சேரும் பிளக்) கழற்றி அந்த ஒயர் நுழையும் பின்னை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். மற்ற பின்கள் பளிச்சென்று இருக்க, இது மட்டும் நீலம் பாய்ந்து, சுற்றியுள்ள வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உருகி வளைந்திருக்கும். பிஎம்டபிள்யூ இ46, இ90 டெயில் லைட்டுகளில் இது பெயர்போன குறை. உருகிய கப்ளரைத் துடைத்துத் திரும்ப மாட்டினால் சூடாகி மறுபடி உருகும். ஹோல்டரும் டெர்மினலும் மாற்ற வேண்டும். பழைய ஹோல்டர் புதுப்பேட்டையில் தேடலாம். பின் வரிசை ஒன்றா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கிடைக்கும் வரை, ஹோல்டரின் எர்த் தகட்டில் 1.5 சதுர எம்எம் ஒயரை சால்டர் செய்து, மறுமுனையில் ரிங் லக் அழுத்தி, பாடியில் உள்ள எர்த் போல்ட்டில் சேர்க்கலாம்.

எர்த் போல்ட்டைச் சுத்தம் செய்யுமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். நட்டை எடுத்து, லக்கையும் அடியில் உள்ள பாடியையும் வெறும் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் அல்லது கிரீஸ் பூசுங்கள். நடுவில் பெயிண்ட் இருக்கக் கூடாது. பித்தளைக்குப் புளி போடுவது போல எலுமிச்சை, வினிகர் எல்லாம் கப்ளரில் வேண்டாம். மிச்சமிருக்கும் புளிப்பு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

எர்த் சரியாக இருந்தால் பாசிட்டிவ் பக்கம்: பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் பாசிட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்குள் இழப்பு இருக்கலாம். இரண்டு பிரேக் லைட்டுக்கும் சேர்த்தே எச்சரிக்கை வந்தால் பின்னால் தேடவே வேண்டாம். பெடல் சுவிட்சையும் பியூஸையும் பாருங்கள்.

டிக்கி ஒயர், மழைநீர், எல்இடி

நம்பர் பிளேட் லைட் எச்சரிக்கை டிக்கியைத் திறந்து மூடினால் வந்து போகிறதா? கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் ஒயர் முறிந்திருக்கும். ஒவ்வொரு ஒயராக மெல்ல இழுங்கள். உள்ளே செம்பு அறுந்த ஒயர் ரப்பர் போல நீளும். மடங்கும் இடத்திலேயே சால்டர் வைத்தால் அங்கேயே மீண்டும் உடையும். இரண்டு ஜாயின்ட்டும் குழாய்க்கு வெளியே வருமாறு, நுண்கம்பிகள் உள்ள மெல்லிய ஒயரைப் புதிதாக இழுத்துவிடுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், டிக்கி அடியிலும் கதவுப்படி அடியிலும் போகும் ஒயரிங்கின் ஜாயின்ட்டுகளையும் பிரித்துப் பாருங்கள். வெளியே காய்ந்தாலும் டேப்புக்குள் பச்சை பூத்திருக்கும். ரிவர்ஸ் லைட் ஒயரைக் கீறி கேமராவுக்குக் கரன்ட் எடுத்திருந்தால் அதைத் தற்காலிகமாகக் கழற்றி வைத்துச் சோதிக்க வேண்டும். அந்தக் கூடுதல் இணைப்பே யூனிட்டின் கணக்கைக் குழப்பலாம்.

21 வாட் இடத்தில் போடும் எல்இடி சில வாட்தான் இழுக்கும். யூனிட்டுக்கு அது போன பல்ப். அணைத்த பிறகும் லேசாக மினுக்கினால், சோதனைத் துடிப்புகள்தான் காரணம். கடையில் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் சேர்த்துத் தருவார்கள். வண்டி ஓடும்போது 14 வோல்ட்டில் அது 33 வாட் வெப்பம் கக்கும். பிளாஸ்டிக்கிலோ ஒயரிங் மீதோ கட்டினால் உருக்கிவிடும். பாடி இரும்பில் ஸ்குரூ போட்டே பொருத்த வேண்டும். அதோடு, எல்இடி செத்தாலும் ரெசிஸ்டர் கரன்ட் இழுத்துக்கொண்டே இருப்பதால் எச்சரிக்கை வராது. எச்சரிக்கை உள்ள பழைய காருக்கு இழை பல்பே நல்லது.

கடைசியாகத்தான் யூனிட்

பேட்டரி ஓய்வில் 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதில் கை வையுங்கள். பழைய மெர்சிடிஸ், வால்வோ ரிலேக்களின் மூடியைக் கழற்றி, பின்கள் போர்டில் சேரும் இடத்தை லென்ஸில் பாருங்கள். பின்னைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய கோடு தெரிந்தால் சால்டர் விரிசல். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து 60/40 ஈயத்தில் புதிதாக வைத்தால் போதும். புது ரிலே தேவைப்படாது.

வேலை முடிந்ததும் சாவியை எடுத்து, வண்டியைப் பூட்டிச் சில நிமிடம் விட்டு, மறுபடி ஆன் செய்யுங்கள். சில வண்டிகளில் யூனிட்டில் பதிவான எரர் கோட் நம்பரை ஸ்கேனரில் அழித்தால்தான் எச்சரிக்கை போகும். டெயில் லைட்டின் மேல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து, மறுநாள் காலை குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். லென்ஸுக்குள் பனி படிந்திருந்தால் பின்பக்க ரப்பர் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையில் அதே எர்த் பின் மறுபடி களிம்பேறும்.