டிஎன்எஸ்ஸை மாற்றப் போகிறீர்களா? எண்ணை மட்டும் மாற்றினால் போதாது

2014 மார்ச்சில் துருக்கியில் ட்விட்டரை முடக்கியபோது, இஸ்தான்புல் சுவர்களில் 8.8.8.8 என்று பெயிண்டில் எழுதிவைத்தார்கள். அது கூகுளின் டிஎன்எஸ் எண். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அதற்குள்ள எண் முகவரியை, தேடித் தருவதுதான் டிஎன்எஸ் வேலை. அங்கே இணைய நிறுவனங்களின் டிஎன்எஸ் பொய்யான பதிலைத் தந்ததால், வேறு இடத்தில் கேட்டவர்களுக்குத் தளம் திறந்தது. சில நாட்களிலேயே 8.8.8.8க்குப் போகிற கேள்விகளையும் வழிமறித்து, கூகுள் பேரில் அந்த இணைய நிறுவனங்களே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டன.

அப்படி வழிமறிக்க முடிந்ததற்குக் காரணம், சாதாரண டிஎன்எஸ் கேள்வி தபால் அட்டை மாதிரி திறந்தபடியே போகிறது என்பதுதான். நடுவில் இருப்பவர் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். அதனால் ரூட்டரில் எண்ணை மாற்றியதோடு நிறுத்தாமல், என்க்ரிப்ட் செய்த, அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாத, டிஎன்எஸ்ஸைப் போடுங்கள்.

ஆண்ட்ராய்டு 9 முதல் இது போனிலேயே இருக்கிறது. செட்டிங்ஸ் தேடலில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று போட்டால் வந்துவிடும். அங்கே 1.1.1.1 மாதிரி எண் போட்டால் ஏற்காது, பெயர்தான் வேண்டும். 1.1.1.1 டிஎன்எஸ்ஸை நடத்தும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம்தான் வேண்டும் என்றால் 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு தடவை, நடுவில் புள்ளி வைத்து, எழுத்தாகவே அடியுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? என் சிபாரிசு குவாட்9 என்ற டிஎன்எஸ் சேவை. மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்), ஃபிஷிங் (ஏமாற்றி விவரம் திருடும்) தளங்கள் என்று தெரிந்தவற்றுக்கு அது முகவரியே தராது, 2021இல் சுவிட்சர்லாந்துக்கு மாறியதால் அந்நாட்டுத் தனியுரிமைச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ரூட்டரில் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3 போடலாம், ஆபாசத் தளங்களையும் சேர்த்துத் தடுக்கும்.

வேகத்துக்காக மட்டும் மாற்றுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய டிஎன்எஸ் திணறிக்கொண்டிருந்தால் பக்கம் திறக்க ஆரம்பிப்பது சீக்கிரமாகும், ஆனால் டவுன்லோடு வேகம் பொதுவாக அதிகரிக்காது. இது, ஐபி முகவரியை மறைக்கும் விபிஎன்னும் இல்லை. உங்கள் ஐபி முகவரி மறையாது, எந்தத் தளத்தோடு இணைகிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்கு வேறு வழிகளில் இன்னும் தெரியக்கூடும். தவிர, இதுவரை இணைய நிறுவனம் பார்த்த உங்கள் டிஎன்எஸ் கேள்விகளை இனி குவாட்9ஓ கிளவுட்ஃப்ளேரோ பார்க்கும், அதனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சேவையின் பிரைவசி பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டே மாற்றுங்கள்.

அப்புறம், ஓட்டல், ரயில் நிலைய வைஃபையில் லாகின் பக்கம் வராமல் அடம்பிடித்தால் பிரைவேட் டிஎன்எஸ்ஸை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி, உள்ளே நுழைந்ததும் பழையபடி வைத்துக்கொள்ளுங்கள்.