'பிட்டட்' (pitted) என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிழையின்றிக் கையாள

ராயபுரத்தில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் 'பிட்டட்' என்ற பெயரடைக்கு 'ஓட்டை விழுந்த' என்று பொருள் எழுதுகிறார்கள். அது தவறு. ஓட்டை மறுபக்கம் வரை போகும்; 'பிட்டட்' என்பதோ ஒரு பரப்பின் மேல் நெருக்கமாக விழுந்திருக்கும் சிறு சிறு குழிகளையே குறிக்கும்.

இதை விளக்க நான் அம்மியைத்தான் காட்டுவேன். தேய்ந்து வழவழப்பான அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். உளியால் கொத்திய பிறகோ கல் முழுவதும் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்து, விரலுக்குச் சொரசொரவென்று படும். அந்தப் பரப்பைத் தயங்காமல் 'பிட்டட்' எனலாம். காசிமேட்டு உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பியைச் சுரண்டிப் பார்த்தாலும் அதே குழிகள் தெரியும். உப்பு போட்டு வைத்த எவர்சில்வர் டப்பாவின் அடியில் ஊசி குத்தினாற்போல் விழும் குழிகளும் இவ்வகைதான். உப்பிலுள்ள குளோரைடு, எவர்சில்வரைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை அங்கங்கே உடைப்பதால், அரிப்பு பரவலாக அன்றி ஆழமாக இறங்குகிறது.

பாத்திரம் கீழே விழுந்து ஒடுக்கானால் அது 'டென்ட்டட்'. கீறல் விழுந்தால் 'ஸ்கிராட்ச்ட்'. அம்மைத் தழும்பு முகத்துக்குப் 'பிட்டட்' பொருந்தும் என்றாலும், ஒருவரைப் பற்றி எழுதும்போது அதைத் தவிர்ப்பதே பண்பு.

குழிக்குக் காரணமானதைச் சொல்லப் பெரும்பாலும் 'வித்' சேர்ப்பார்கள்: 'தி கிரில் வாஸ் பிட்டட் வித் ரஸ்ட்'. 'அகெய்ன்ஸ்ட்' சேர்ந்தால் பொருளே வேறு. சேவல்களைக் குழிக்குள் மோதவிட்ட வழக்கத்திலிருந்து வந்த அந்தத் தொடர், ஒருவரை மற்றவரோடு மோதவிடுவதைக் குறிக்கும்.

மண்ணடிக் கடைகளில் பேரீச்சம்பழப் பொட்டலத்தின் மேல் இருக்கும் 'பிட்டட்' இவை எல்லாவற்றிலிருந்தும் விலகியது. விதையைக் குறிக்கும் டச்சுச் சொல்லான 'பிட்' அமெரிக்க ஆங்கிலத்தில் கலந்து, கொட்டை நீக்கிய பழத்துக்கு இப்பெயரைத் தந்தது. 'அன்பிட்டட்' என்றிருந்தால் கொட்டை உள்ளேயே இருக்கிறது. சில பொட்டலங்களின் பின்புறத்தில் 'மே கன்டெய்ன் பிட்ஸ்' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். தப்பித்தவறி ஒரு கொட்டை தங்கியிருக்கலாம் என்பது அதன் பொருள். ஆகவே, குழந்தைக்குக் கொடுக்குமுன் பழத்தைப் பிளந்து பார்த்துக் கொடுங்கள்.