பழைய பேஸ்பால் அட்டை கையில் கிடைத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

நியூஜெர்சியில் எங்கள் தெருவில் ஒரு வயதான தம்பதி வீட்டைக் காலி செய்தார்கள். வாசலில் விலைக்குப் பரப்பியிருந்த சாமான்களுக்கு நடுவே ஒரு ஷூ பெட்டி. உள்ளே ஆட்டக்காரர் படம் அச்சிட்ட முப்பது நாற்பது பேஸ்பால் அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியபடி. பெட்டியோடு 10 டாலருக்கு வாங்கி வந்தேன். அமெரிக்காவில் நான் சந்தித்த சேகரிப்பாளர்கள் பலருக்கும் தொடக்கம் இப்படித்தான்: பரணில் கிடந்த பெட்டி, அப்பாவின் பழைய அலமாரி, வீடு காலி செய்யும் விற்பனை. பபிள்கம்முக்காகக் கடைக்குப் போய்க் கிரிக்கெட் வீரர் படத்தைப் பத்திரப்படுத்திய தலைமுறைக்கு இந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை. நேராகச் செய்முறைக்குப் போகிறேன்.

முதல் வேலை: ரப்பர் பேண்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் ஓரத்து அட்டைகள் கிழியும். ஈரத்துணி, அழிப்பான் எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டுப் பிறகு ஆராயுங்கள். பிவிசி கலந்த பழைய ஆல்பம் தாள்களைத் தவிர்த்துவிடுங்கள். காலப்போக்கில் அவை அட்டையைக் கெடுக்கும்.

அடுத்து ஆண்டு. 1950, 60களில் டாப்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்ட அட்டைகள் பலவற்றில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்காது. பின்பக்கத்தில் ஆட்டக் கணக்கு எந்த ஆண்டோடு முடிகிறது என்று பார்த்து, ஒன்றைக் கூட்டுங்கள். என் பெட்டியில் இருந்தவை வட்டத்துக்குள் படம் உள்ளவை. கணக்கு 1958 வரை. ஆகவே 1959. அளவும் துணைக்கு வரும்: 1957 முதல் டாப்ஸ் அட்டை இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். அதற்கு முந்தைய 1952 அட்டைகள் இதைவிடப் பெரியவை. 1952 தொகுப்பை டாப்ஸ் நிறுவனமே 1983இல் மறுபதிப்பாக வெளியிட்டது; அவை இரண்டரைக்கு மூன்றரை அங்குலம்தான். அளவுகோல் ஒன்றே அங்கே தீர்ப்புச் சொல்லிவிடும்.

டி206, என்172 போன்ற பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் பழைய அட்டைகளுக்குக் கொடுத்த வரிசைக் குறிகள் இவை. 'டி' என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, 'என்' என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டுடையது. அவருடைய சேகரிப்பு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி நான் சறுக்கிய இடம். ஷூ பெட்டி கொடுத்த தைரியத்தில், சில மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் டை காப் என்ற ஆட்டக்காரரின் டி206 அட்டை ஒன்றை 120 டாலருக்கு வாங்கினேன். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வந்த தொகுப்பு அது. பழுப்பு நிறம், மழுங்கிய மூலைகள், மடிப்புக் கோடு என நூறு வயது அதன் முகத்திலேயே தெரிந்தது. அத்தனையும் தேநீரிலோ வேறு சாயத்திலோ நனைத்து வரவழைத்த வயது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் பொருத்திக் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்றால். படத்தை விடுங்கள், எழுத்தைப் பாருங்கள். டி206இன் கீழ்ப்பகுதியில் ஆட்டக்காரர் பெயரும் ஊரும் பழுப்பு மையில் இருக்கும். அசலில் அந்த எழுத்து ஒரே மையால் நிரம்பி, விளிம்பு தெளிவாக நிற்கும். அசலைப் படமெடுத்து மறுபடி அச்சிட்ட பிரதியில் எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். என்னுடையதில் 'டெட்ராய்ட்' என்ற சொல் முழுவதும் புள்ளிகள். வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. எண்ணிக்கையில் பெருகிக் கிடக்கும் பிரதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடும்.

இரண்டாவது சோதனை, கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கு. காகிதத்துக்கு வெண்மையேற்றும் வேதிப்பொருள்கள் 1940களின் பிற்பகுதிக்குப் பிறகே பரவின. ஆகவே 1910இன் அட்டை இருட்டறையில் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது பொய். ஒளிராவிட்டால் உண்மை என்று முடிவு கட்டாதீர்கள். பழைய தாளிலும் பிரதி அச்சிடலாம்.

கருவிகளில் என் தேர்வு லென்ஸ்தான். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. அது புள்ளிகளை வழித்து மென்மையாக்கிவிடுகிறது. லென்ஸுக்கு அடுத்தபடியாக, ஓரிரு டாலருக்குக் கிடைக்கும் 1960களின் சாதாரண ஆட்டக்காரர் அட்டைகள் பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அசல் அச்சைக் கண்ணுக்குப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. புகையிலை அட்டைகளின் தோற்றத்தைப் பழக, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1887 முதல் 1914 வரையிலான அட்டைகள் சுமார் 2,100ஐ இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இரவு உணவுக்குப் பிறகு அதில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது.

பெரிய தொகை கொடுப்பதாக இருந்தால், பிஎஸ்ஏ அல்லது எஸ்ஜிசி என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் சோதித்துத் தரமதிப்பிட்டுப் பெட்டியில் மூடிய அட்டையையே வாங்குங்கள். பரணில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் டி206 அட்டை கிடைத்ததாக யாராவது விற்க வந்தால் உடனே விலகிவிடுங்கள். அவர் அனுமதி மறுத்ததால் மிகச் சிலவே வெளிவந்த அட்டை அது. 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தன் டி206 மற்றவற்றைவிட அகலம் குறைவாக இருக்கிறது, யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள் என்று கலங்கி எழுதியிருந்தார். பின்பக்க விளம்பரம் எந்தச் சிகரெட்டுடையது என்று கேட்டேன். அமெரிக்கன் பியூட்டி. அந்தச் சிகரெட்டுக்கான அட்டைகள் அச்சகத்திலேயே ஒடுக்கமாக வெட்டப்பட்டவை. பீட்மாண்ட், ஸ்வீட் கேப்போரல் விளம்பரம் இருந்து அகலம் குறைந்திருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். அளப்பதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.