கப்பலில் இரவு உணவுக்கு என்ன உடுத்துவது? முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிய அன்றே அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி சாப்பாட்டுக்கு கவுன் போட்டாத்தான் உள்ள விடுவாங்களாமே, நிஜமா?" யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்பா எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் பீரோவைத் திறந்து, பல வருடம் தொடாத கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பட்டன் மாட்டவில்லை.

இதே கவலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கப்பல் உணவகங்களின் உடை விதிகளைப் படித்தால் பயம் வரும். ஆனால் ஒரு மாலை உட்கார்ந்து திட்டமிட்டால், நம் வீட்டு பீரோவில் இருப்பதே பெரும்பாலும் போதும் என்று தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொள்வது குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2. 2004 முதல் ஓடுகிற கப்பல். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஏறினால் பொதுவாக ஏழு இரவுகளில் நியூயார்க். பெரிய கப்பல்களில் உடை விஷயத்தில் இதுதான் கண்டிப்பானது என்பது என் எண்ணம். இதற்குத் தயாராகிவிட்டால் மற்றக் கப்பல்கள் எளிது.

முதல் படி: உங்கள் கப்பல் எந்த வகை?

எல்லாக் கப்பலுக்கும் ஒரே விதி இல்லை. நார்வீஜியன் க்ரூஸ் லைன் நிறுவனம் 2000-இல் 'ஃப்ரீஸ்டைல்' என்ற முறையைக் கொண்டுவந்து, ஃபார்மல் உடை, அதாவது விருந்துக்கான முழு அலங்கார உடை, கட்டாயம் என்பதையே எடுத்துவிட்டது. வைக்கிங்கின் கடல் கப்பல்களில் ஃபார்மல் இரவே கிடையாது. அலங்கார இரவுக்குக் கார்னிவல் நிறுவனத்தில் 'க்ரூஸ் எலகன்ட்', செலிப்ரிட்டியில் 'ஈவினிங் சிக்', ஹாலந்து அமெரிக்காவில் 'டிரெஸ்ஸி' என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நெருங்கிய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனுக்கு என்ன உடுத்திப் போவீர்களோ, அது இந்த மூன்றுக்கும் போதும்.

குயின் மேரி 2-இல் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டே சொற்கள். ஒன்று 'காலா ஈவினிங்', அதாவது முழு அலங்கார இரவு. மற்ற இரவுகளுக்கு 'ஸ்மார்ட் அட்டயர்', அதாவது நேர்த்தியான சாதாரண உடை. இரண்டும் மாலை ஆறு மணிக்கு மேல்தான். பகலில் காலை உணவுக்கோ மேல்தளத்துக்கோ சாதாரண உடையில் போகலாம்.

காலா இரவைப் பற்றிப் படிக்கும்போது 'பிளாக் டை' என்ற சொல் கண்ணில் படும். அதைப் பார்த்துவிட்டு கறுப்பு நிற டை வாங்கக் கடைக்குப் போய்விடாதீர்கள். அது டக்ஸிடோ என்ற விருந்து கோட்டும், பட்டாம்பூச்சி போலக் கட்டும் போ டையும் சேர்ந்த முழு உடைக்கான பெயர். அது கட்டாயமா என்றால், இல்லை. அடர்நிற கோட் சூட்டும் வழக்கமான நீள டையும் போதும்.

இரண்டாம் படி: இரவுகளை எண்ணுங்கள்

ஒரு தாளில் ஏழு இரவுகளையும் வரிசையாக எழுதுங்கள். ஏழு இரவுப் பயணத்தில் காலா இரவு பொதுவாக இரண்டு வரும். முதல் இரவும் கடைசி இரவும் சாதாரணமாகவே இருக்கும். இது பழைய வழக்கம். நூறு வருடத்துக்கு முன் அட்லாண்டிக் கடந்தவர்கள் பெரிய டிரங்குப் பெட்டிகளோடு ஏறினார்கள். அறைக்குப் போக வேண்டிய பெட்டிக்கு ஒரு சீட்டும், பயணத்தில் தேவைப்படாது என்று கப்பலின் அடியறைக்கு அனுப்பும் பெட்டிக்கு வேறொரு சீட்டும் ஒட்டுவார்கள். முதல் நாள் பெட்டி பிரித்திருக்காது, கடைசி நாள் பெட்டி கட்டியாகியிருக்கும். அதனால் அந்த இரண்டு இரவும் யாரும் அலங்கரித்துக்கொள்வதில்லை. அந்த நாகரிகம் இன்றும் தொடர்கிறது.

காலா இரவுகள் பெரும்பாலும் கப்பல் துறைமுகம் எதிலும் நிற்காமல் கடலில் ஓடும் நாட்களில் வரும். எந்த நாள், என்ன தீம் என்பதெல்லாம் புறப்படுவதற்கு முன்பே தெரிந்துவிடும். கப்பலில் தினமும் வரும் நிகழ்ச்சித் தாளிலும் அன்றைய உடை இருக்கும்.

ஆக, ஏழு இரவுக்கு ஏழு உடை தேவையில்லை. பெண்களுக்குக் காலா இரவுக்கு இரண்டு, மற்ற இரவுகளுக்கு மூன்று. ஆண்களுக்கு ஒரே கோட் சூட், மூன்று சட்டை, இரண்டு டை. அதே கோட்டை இரண்டாவது காலா இரவில் திரும்பப் போட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். டையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பெண்களுக்கு

பட்டுப் புடவை இருக்கிறதா? அப்படியானால் காலா இரவுக்கான உடை உங்களிடம் இருக்கிறது. ஒரு நாட்டின் மரபான விழா உடையைக் குனார்ட் ஃபார்மலாகவே ஏற்கிறது. கவுன் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். அம்மாவுக்கு இதை நம்பவைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

எந்தப் பட்டு என்பதில்தான் யோசிக்க வேண்டும். கனமான காஞ்சிபுரம் பெட்டியின் எடையையும் இடத்தையும் தின்றுவிடும். ஒன்று மட்டும் எடுங்கள். இன்னொன்று மைசூர் சில்க், கிரேப் அல்லது சாஃப்ட் சில்க்காக இருக்கட்டும். மடித்தால் சுருங்காது, கொசுவமும் சட்டென்று நிற்கும்.

தீம் பற்றி ஒரு வார்த்தை. காலா இரவுகளில் 'பிளாக் அண்ட் ஒயிட்', முகமூடி இரவான 'மாஸ்கரேட்' போன்றவை வரும். கறுப்புப் புடவை கட்டுவது நம் வீடுகளில் பல பெரியவர்களுக்கு மனதுக்கு ஒப்பாது. அம்மாவும் மாட்டேன் என்றுவிட்டார். அவரை வற்புறுத்தத் தேவையே இல்லை, ஏனென்றால் தீம் கட்டாயமில்லை. சந்தன நிறத்திலோ வெள்ளையிலோ சரிகைக் கரை வைத்த புடவை அந்தக் கூட்டத்தில் அழகாகவே சேர்ந்துகொள்ளும். கறுப்பு பிடித்தவர்கள் கறுப்பு உடலில் சிவப்புக் கரை வைத்ததைக் கட்டலாம்.

புடவை வழக்கமில்லாதவர்கள் அனார்கலி, லெஹங்கா, கணுக்கால் வரை வரும் நல்ல உடை என்று எதையும் எடுக்கலாம். மற்ற இரவுகளுக்கு நல்ல சல்வார், குர்த்தா, பாவாடை பிளவுஸ் போதும். கிழிந்த மாடல் ஜீன்ஸ் எந்த இரவிலும் வேண்டாம்.

அப்புறம் செருப்பு. கப்பல் ஆடும். அட்லாண்டிக் நடுவில் நன்றாகவே ஆடும். ஊசிக் குதிகால் செருப்போடு, புடவைக் கரையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்குவது ஆபத்து. அகலக் குதிகாலோ தட்டையான செருப்போ எடுங்கள். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டே வீட்டில் ஒருமுறை புடவை கட்டிப் பாருங்கள், நீளம் அப்போதுதான் சரியாக வரும். முந்தானைக்குக் கூடுதலாக நான்கு ஊக்கு வையுங்கள். சாப்பிட்டபின் வெளித்தளத்துக்குப் போனால் காற்று ஒரு நொடியில் அதை இழுத்துவிடும். உணவகத்தில் ஏசி குளிர் கடுமையாக இருக்கும், ஒரு சால்வை அவசியம்.

நான்காம் படி: ஆண்களுக்கு

பெரும்பாலான வீடுகளில் ரிசப்ஷனுக்குத் தைத்த ஒரு கோட் சூட் தொங்கிக்கொண்டிருக்கும். அதை இன்றே எடுத்துப் போட்டுப் பாருங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது இதைச் செய்ய வேண்டும். தையலின் உள்ளே மடித்துவிட்ட துணி இருந்தால் நல்ல தையல்காரர் பிரித்து இடுப்பையும் வயிற்றையும் தளர்த்திவிடுவார். அப்பாவின் கோட்டுக்கு அப்படித்தான் விடிவு வந்தது. நிறம் கறுப்பு, கருநீலம், அடர்சாம்பல் ஆகிய மூன்றில் ஒன்றாக இருந்தால் சரி. பளபளக்கும் மெரூன் கோட் என்றால் அதை ரிசப்ஷன் நினைவாகவே வைத்துவிட்டு வேறொன்று தேடுங்கள்.

கோட்டுக்குள் வெள்ளை முழுக்கைச் சட்டை. காலில் கறுப்புத் தோல் ஷூ, கறுப்பு சாக்ஸ். விளையாட்டு ஷூவில் நல்ல சூட்டும் எடுபடாது. காலா அல்லாத இரவுகளுக்குக் காலர் வைத்த சட்டை, நல்ல பேன்ட் போதும். மேலே ஒரு பிளேசர் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். டக்ஸிடோ வாங்கலாமா என்று கேட்டால், முதல் பயணத்துக்கு வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்குங்கள்.

சரி, வேட்டி? இதை என்னிடம் கேட்காத தமிழர் இல்லை. காரணமும் உண்டு. 2014-இல் சென்னையில் வேட்டியில் வந்த ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப்பில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு தமிழக அரசு அதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் நடுக்கடலில் செல்லாது. ஆனால் மரபு உடைக்கு இடம் கொடுக்கும் கப்பலில் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, அங்கவஸ்திரம் என்று முழுமையாகக் கட்டினால் அது விழா உடைதான். ஸ்காட்லாந்துக்காரர் தங்கள் மரபு உடையான கில்ட் கட்டி வந்து உட்காரும் அதே கூடம் அது. அப்பா இரண்டாவது காலா இரவில் வேட்டிதான் கட்டினார். கோட்டில் இருந்ததைவிட நிமிர்ந்து நடந்தார்.

இரண்டு யோசனைகள். வேட்டி என்ற சொல் கப்பல் ஊழியர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனவே ஒரு படத்தோடு முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கட்டியபின் நடந்து பழக்கமில்லாதவர்கள் வெல்க்ரோ வைத்ததை எடுங்கள். மடித்துக் கட்டக் கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேட்டி வேண்டாம் என்பவர்களுக்குக் கழுத்து வரை மூடிய பந்த்கலா கோட்டோ ஷெர்வானியோ இருக்கிறது.

குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை, முழு பேன்ட், சட்டை. வளர்கிற பிள்ளைக்கு கோட் தைத்துப் பணத்தை வீணாக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பெட்டி கட்டுவது

இதில்தான் நாங்கள் முன்பு வேறொரு கப்பலில் ஏமாந்தோம். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். எங்கள் பெட்டி இரவு ஒன்பதைத் தாண்டித்தான் வந்தது. விமானத்தில் வந்த கசங்கிய டி-ஷர்ட்டும் அரை டவுசருமாக அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். முதல் இரவு அலங்காரம் வேண்டாம்தான், ஆனால் ஒரு நல்ல சட்டையும் பேன்ட்டும், ஒரு சல்வாரும் கைப்பையிலேயே இருக்கட்டும். மருந்து, பாஸ்போர்ட், நகை எல்லாம் எப்படியும் கையோடுதான்.

இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போகாதீர்கள். தீப்பிடிக்கும் என்ற அச்சத்தில் கப்பல்களில் அதை அறைக்குள் அனுமதிப்பதில்லை, ஸ்டீமரும் கூடாது. சோதனையில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். குயின் மேரி 2-இல் பயணிகளுக்கான சலவை அறை இருக்கிறது, இஸ்திரி மேசையும் உண்டு, காசு கிடையாது. காலா இரவன்று மாலை அங்கே வரிசை நிற்கும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். பல கப்பல்களில் இந்த வசதி இல்லை, அங்கே பணம் கொடுத்து தேய்க்கக் கொடுக்க வேண்டும். அல்லது குளியலறையில் உடையைத் தொங்கவிட்டு, வெந்நீரில் நிதானமாகக் குளித்துவிட்டு வாருங்கள். அந்த ஆவியிலேயே பாதிச் சுருக்கம் போய்விடும்.

பட்டுப் புடவையைப் பழைய மெல்லிய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியின் மேல்பக்கம் வையுங்கள். ரவிக்கை, உள்பாவாடை, ஊக்கு எல்லாவற்றையும் அந்தந்தப் புடவையோடே ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் நடுக்கடலில் ரவிக்கையைத் தேட வேண்டியிருக்காது. சென்ட் பாட்டிலைப் பட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சரிகை கறுத்துவிடும்.

ஆறாம் படி: அந்த இரவு

குயின் மேரி 2-இன் பெரிய உணவகமான பிரிட்டானியாவில் முதல் பந்தி மாலை ஆறு மணி வாக்கில், இரண்டாவது எட்டரை வாக்கில். புடவை கட்ட நேரம் வேண்டும் என்றால் இரண்டாவது பந்தியைக் கேட்டு வாங்குங்கள். ஒரே அறையில் மூன்று பேர் என்றால் குளியலறை ஒன்றுதான் என்பதை நினைவில் வைத்து, இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

வழியில் புகைப்படக்காரர்கள் திரை கட்டி நிற்பார்கள். தயங்காமல் நில்லுங்கள். படம் எடுப்பதற்குக் காசு இல்லை, வாங்கினால்தான் விலை. விலை அதிகம்தான், இருந்தாலும் வயதான பெற்றோரோடு போகிறவர்கள் ஒரு படமாவது வாங்கிவிடுங்கள் என்று சொல்வேன்.

உடுத்திக்கொள்ள மனமில்லாத இரவும் வரும். கடல் ஆடித் தலைசுற்றும் நாளில் யாருக்குப் பட்டுப் புடவை கட்டத் தோன்றும்? அன்று கிங்ஸ் கோர்ட் பஃபேவுக்குப் போகலாம், கோல்டன் லயன் பப்பில் சாப்பிடலாம், அறைக்கே வரவழைத்தும் சாப்பிடலாம். காலா இரவாக இருந்தாலும் இவற்றுக்கு அந்த அலங்காரம் தேவையில்லை.

கடைசி இரவு பெரிய பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். வைப்பதற்கு முன், மறுநாள் காலை நியூயார்க்கில் இறங்கும்போது போட வேண்டிய உடையும் செருப்பும் வெளியே இருக்கின்றனவா என்று இன்னொரு முறை பாருங்கள். டிசம்பரில் போகிறீர்கள் என்றால் கம்பளிக் கோட்டும்.